கேஸ் ஸ்டடிக்கு எந்த நாடு? ஒரு மூட்டை நெல்லை வைத்து ஒரு பதில்

இந்த எபிசோடு ஒரு குரல் செய்தியில இருந்து ஆரம்பிக்குது. கும்பகோணத்துல பி.ஏ. பொருளாதாரம் மூணாம் வருஷம் படிக்கிற ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, உலகமயமாக்கல் பற்றி ஒரு நாட்டை எடுத்து கேஸ் ஸ்டடி எழுதணும். கிளாஸ்ல பாதிப் பேர் சீனா, மீதிப் பேர் சிங்கப்பூர். நான் எதை எடுக்கட்டும்?" அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. கடைசியா ஒரு வரி: "எங்க வீட்ல நெல் விவசாயம். அதுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் வருமா?"

அந்தக் கடைசி வரியிலதான் பதில் இருக்கு. ஆனா நேரா அங்க போகாம, முதல்ல நாட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பார்த்துடலாம்.

நான் படிச்சது இன்ஜினியரிங். வேலை, கோடு எழுதுறது. ஒரு சிஸ்டம் உடைஞ்சா நாங்க முதல்ல கேட்கிற கேள்வி, "கடைசியா என்ன மாத்தினீங்க, எப்ப மாத்தினீங்க?" கேஸ் ஸ்டடிக்கும் அதே கேள்விதான். ஒரு தேதி வேணும். அந்தத் தேதிக்கு முன்னாடி அந்த நாடு உலகச் சந்தையோட அவ்வளவா ஒட்டல, பின்னாடி ஒட்டிக்கிச்சு அப்படின்னு காட்ட முடியணும். தேதி இல்லாத நாட்டை எடுத்தா எழுதுறது எல்லாம் "காலப்போக்கில் வளர்ச்சி ஏற்பட்டது" மாதிரி ஆகிடும். அடுத்தது, லாபம் அடைந்தவங்களும் நஷ்டம் அடைந்தவங்களும் ஒரே படத்துக்குள்ள தெரியணும். அப்புறம், பின்தொடர ஒரே ஒரு பொருள் போதும். அரிசி, தேயிலை, சட்டை, சிப், எதுவா இருந்தாலும் சரி. "பொருளாதாரம்"னு மொத்தமா எடுத்தா மூவாயிரம் வார்த்தையில ஒண்ணும் சொல்ல முடியாது.

இந்த அளவுகோலை வச்சுப் பார்த்தா சீனாவுக்குத் தேதி அருமையா இருக்கு. 1978-ல சீர்திருத்தம், 2001 டிசம்பர்ல உலக வர்த்தக அமைப்பு. ஆனா அது ஒரு நாடு மாதிரி நடந்துக்கிற ஒரு கண்டம். கடலோர ஷென்சென்ல நடந்த கதை வேற, உள்நாட்டு கான்சுவில நடந்த கதை வேற. மூணாம் வருஷ மாணவி ஒரு செமஸ்டர்ல அதைக் கட்டிப் பிடிக்க முடியாது. சிங்கப்பூர் நேர் எதிர். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் அங்க இருக்கிற மாதிரி தோணும். அந்தப் பாசத்துலதான் பாதிப் பேர் அதை எடுக்கிறாங்கன்னு நினைக்கிறேன். ஆனா விவசாயமே கிட்டத்தட்ட இல்லாத துறைமுக நகரம் அது. உலகமயமாக்கலால அடிபடுற கிராமம் அந்த வரைபடத்துக்குள்ளயே கிடையாது. படத்துல பாதி ஆளுங்களைக் காணோம்.

சரி, இப்ப நெல்லுக்கு வருவோம். ஒரு சின்னச் சோதனை. உங்க வீட்டுத் திண்ணையில ஒரு நெல் மூட்டை இருக்குன்னு வச்சுக்குங்க. அதுல எவ்வளவு வெளிநாடு இருக்கு?

விதையில இருந்து ஆரம்பிக்கலாம். நாம 'நம்ம ஊர் அரிசி'ன்னு பெருமையா சொல்றது பொன்னி. காவிரிக்கே பொன்னின்னு பேர் உண்டு இல்லையா. இப்ப கடையில கிடைக்கிற வெள்ளைப் பொன்னி 1986-ல கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். அதோட மூலம் மசூரி. மசூரி மலேசியாவுல 1960-கள்ல வெளியான ரகம். அதுக்கு அம்மா-அப்பா, தைவான் ரகமான தைசூங் 65, மலாயா ரகமான மயாங் எபோஸ் 80. அந்தக் கலப்பு நடந்த திட்டம் எங்க தெரியுமா? ஒடிசாவில, கட்டாக்ல. 1950-கள்ல ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவோட, ஜப்பானிய வகை நெல்லையும் நம்ம இண்டிகா வகையையும் கலக்குற பெரிய திட்டம் அங்க நடந்தது. அந்தத் திட்டத்துல இருந்து உருப்படியா வெளியே வந்தது வெகு சில ரகங்கள்தான். ஒண்ணு மசூரி. இன்னொண்ணு நம்ம ஆடுதுறையில தேர்வான ஏடிடி 27, ஜப்பானோட நோரின் 10-க்கும் கோயம்புத்தூர் ஜி.இ.பி. 24-க்கும் பிறந்த பிள்ளை. 1960-களின் நடுவுல தஞ்சாவூர் குறுவையை மாத்தினது அதுதான். ஃபோர்டு அறக்கட்டளை ஆதரவோட நடந்த தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதல்ல தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்கள்ல தஞ்சாவூரும் ஒண்ணுங்கிறதையும் இங்கயே சொல்லிடறேன்.

இதுல ஒரு வேடிக்கை. பின்னாடி மலேசியாவுல ஒரு நிறுவனம் 'பொன்னி'ங்கிற பேரையே வணிக முத்திரையாப் பதிவு பண்ணிச்சு. இந்திய வேளாண் ஏற்றுமதி வாரியமான அபேடா அதை எதிர்த்து அங்க நீதிமன்றத்துக்குப் போனாங்க. மலேசிய நெல்லோட பேரப்பிள்ளைக்கு நாம ஆத்துப் பேரை வச்சோம். அந்தப் பேருக்காக மலேசியாவுலயே போய் வழக்கு. இதைவிட நல்ல உலகமயமாக்கல் உதாரணத்தை நான் பார்த்ததில்ல.

அடுத்தது உரம். யூரியாவுக்கு இயற்கை எரிவாயு வேணும், அதுல பெரும்பகுதி கப்பல்ல வருது. பொட்டாஷ் உரத்துக்கு இந்தியா முழுக்க முழுக்க வெளிநாட்டை நம்பியிருக்கு. கனடா, ரஷ்யா, பெலாரஸ் மாதிரி நாடுகள்ல தோண்டுற உப்பு அது. 2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்சப்ப உர விலை ஏறினது அதனாலதான். ஆளுங்களைப் பத்திச் சொல்லவே வேணாம். அந்தக் காலத்துல நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறி பினாங்கு போனாங்க. இப்ப திருச்சியில விமானம் ஏறுறாங்க.

விதை, உரம், ஆள். மூணும் உலகத்தோட ஒட்டியிருக்கு. நாலாவதா இருக்கிறதைத்தான் கவனமாப் பார்க்கணும். விலை.

2023 ஜூலை 20-ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை பண்ணிச்சு. உலக அரிசி ஏற்றுமதியில சுமார் 40 சதவிகிதம் இந்தியாவோடது. அடுத்த சில வாரத்துல வியட்நாம், தாய்லாந்து அரிசி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டிடுச்சு. பிலிப்பைன்ஸ்ல அரிசிக்கு உச்சவரம்பு விலை நிர்ணயிக்க வேண்டிய நிலைமை. அதே பருவத்துல நம்ம ஊர் நேரடி கொள்முதல் நிலையத்துல என்ன விலை? சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,265 ரூபாய், சன்ன ரகம் 2,310 ரூபாய். மத்திய அரசின் ஆதரவு விலை 2,183, 2,203. அதோட மாநில ஊக்கத்தொகை 82, 107. பாங்காக்ல விலை பறந்தாலும் அம்மாப்பேட்டை களத்துல அந்தப் போர்டு மாறல. அங்க பேசுறது எல்லாம் ஈரப்பதம் 17 சதவிகிதமா, தளர்த்தித் தருவாங்களா, சாக்கு வந்துச்சா, லாரி வந்துச்சா, இதுதான்.

ஆக, டெல்டா உலகமயமாகியிருக்கான்னு கேட்டா, "எந்தப் பகுதியைக் கேட்கிறீங்க?"ன்னு திருப்பிக் கேட்கணும். உள்ளே போற பொருள் எல்லாம் உலகச் சந்தையோட கட்டியிருக்கு. வெளியே வர்ற நெல்லோட விலைக்கு மட்டும் நடுவுல ஒரு சுவர் இருக்கு. உர மானியத்தையும் சேர்த்தா, உள்ளே வர்ற பக்கமும் ஒரு வேலி உண்டு. சுவர் நல்லதா கெட்டதான்னு உடனே தீர்ப்பு எழுதிடாதீங்க. விலை ஏறும்போது அது விவசாயியைத் தடுக்குது. விலை விழும்போது என்ன பண்ணும்னு தெரியணும்னா, சுவர் இல்லாத காலத்தைப் பார்க்கணும்.

அதுக்குத்தான் என் முதல் சிபாரிசு: பர்மா, 1852-ல இருந்து 1942 வரைக்கும்.

ஏன் பர்மா? தேதி பளிச்சுன்னு இருக்கு. 1852 போர்ல கீழ் பர்மாவை பிரிட்டிஷார் பிடிக்கிறாங்க. 1869-ல சூயஸ் கால்வாய் திறக்குது. ஐராவதி டெல்டா அப்ப பெரும்பாலும் காடும் சதுப்பும். 1850-கள்ல கீழ் பர்மாவுல நெல் பயிரான பரப்பு சுமார் பத்து லட்சம் ஏக்கர். 1930-கள்ல அது அதைப் போல எட்டு ஒன்பது மடங்கு. வருஷத்துக்கு 30 லட்சம் டன் அரிசி ஏத்துமதி பண்ற, உலகத்திலேயே பெரிய அரிசி ஏற்றுமதி நாடா ஆகிடுது. பர்மாவுல அதிகாரியா இருந்த ஃபர்னிவால் இதை 'தொழிற்சாலை விவசாயம்'னு சொன்னார். பொருத்தமான பேர். ஒருத்தர் உழுவார், வேற ஒரு கூட்டம் நடவு, வேற ஒரு கூட்டம் அறுவடை, எல்லாம் கூலிக்கு.

இந்தக் காட்டை வயலாக்கப் பணம் எங்க இருந்து வந்துச்சு? இங்கதான் தமிழ்நாடு கதைக்குள்ள வருது. ஐரோப்பிய வங்கிகள் பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுக்கல. கொடுத்தவங்க செட்டிநாட்டு நகரத்தார். பெரிய வங்கிகள்கிட்ட வாங்கியும், சொந்த ஊர்ல வைப்பு திரட்டியும், அந்தப் பணத்தை ஐராவதி டெல்டா கிராமங்கள் வரைக்கும் கொண்டு போனாங்க. 1930-ல பர்மாவுல ஆயிரத்து அறுநூறுக்கு மேல அவங்க கடைகள் இருந்துச்சு. கோட்டும் டையும் போட்டு எம்.பி.ஏ. படிக்கிறவங்க இன்னைக்கு 'கடைக்கோடி நிதிச் சேவை'ன்னு சொல்றதை, ஒரு கைப்பெட்டியும் கணக்குப் பிள்ளையும் வச்சுச் செஞ்சிருக்காங்க.

அப்புறம் 1930. உலகப் பெருமந்தம். ரங்கூன்ல நெல் விலை பாதிக்கும் கீழே விழுது. கடன் மட்டும் அதே ரூபாயில நிக்குது. விவசாயி கட்ட முடியல, அடமான நிலம் கைமாறுது. பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் 1930-ல சுமார் 6 சதவிகிதம். அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள அது 25 சதவிகிதம். அவங்களுக்கே அது வேண்டாத சொத்துங்கிறதையும் எழுதணும். வட்டித் தொழில் பண்றவருக்குத் தேவை புழங்குற பணம். விலை போகாத வயலை வச்சுக்கிட்டு என்ன செய்வார்? ஆனா நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த நியாயம் எதுக்கு? 1930 டிசம்பர்ல சயா சான் கிளர்ச்சி வெடிக்குது. அதே வருஷம் ரங்கூன்ல இந்தியர்களுக்கு எதிரா கலவரம், 1938-ல மறுபடியும்.

லாபம், நஷ்டம் ரெண்டும் ஒரே படத்துல வேணும்னு சொன்னேன் இல்லையா. இங்க நஷ்டப்பட்டவங்க பட்டியல்ல தஞ்சாவூரும் உண்டு. தஞ்சாவூர் அரிசி நாகப்பட்டினம் வழியா இலங்கைத் தோட்டங்களுக்குப் போய்க்கிட்டிருந்த காலம் அது. பர்மா அரிசி இலங்கைச் சந்தையிலயும் போட்டி போட்டுச்சு, சென்னை மாகாணத்துக்குள்ளயும் இறங்கிச்சு. பெருமந்தத்துல விலை சரிஞ்சப்ப, மிராசுதார் கிஸ்தியைப் பணமா கட்டணும். நெல் விலை பாதியானா, அதே கிஸ்திக்கு ரெண்டு மடங்கு நெல் விக்கணும். அந்தச் சுமை அப்படியே குத்தகைக்காரர் மேலயும் பண்ணையாள் மேலயும் இறங்கும்னு சொல்லத் தேவையில்ல. இதுல ஒரு கொடுமையான நேரப் பொருத்தம்: மேட்டூர் அணை திறந்தது 1934 ஆகஸ்ட். தஞ்சாவூர்க்காரங்க புதாறுன்னு சொல்ற கல்லணைக் கால்வாய்ல தண்ணி ஓட ஆரம்பிச்சது. பட்டுக்கோட்டைப் பக்கம் புதுசா நெல் விளையுது. தண்ணி வந்த நேரத்துல விலை இல்ல.

"வரி போட்டுத் தடுத்திருக்கலாமே"ன்னு தோணும். 1935-ல இந்திய அரசு குருணை அரிசி இறக்குமதிக்கு வரி போட்டுச்சு. ஆனா அது சயாம் அரிசியைத்தான் தடுத்துச்சு. பர்மா அப்ப பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். ரங்கூன்ல இருந்து சென்னைக்கு வர்ற கப்பல், கணக்குப்படி, உள்நாட்டுக் கடலோர வாணிபம். 1937 ஏப்ரல்லதான் பர்மா தனியாப் பிரிஞ்சது. உங்க பேராசிரியர் "பர்மா அப்ப ஒரு நாடே இல்லையே"ன்னு கேட்பார். கேட்கட்டும். தஞ்சாவூர் விவசாயிக்கும் ஐராவதி விவசாயிக்கும் நடுவுல எல்லைக்கோடு இல்லாததுதான் இந்தக் கேஸோட முக்கியமான விஷயம்னு எழுதுங்க. என்னைக் கேட்டா மார்க் விழுற இடமே அதுதான்.

முடிவும் தேதியோட இருக்கு. 1942 மார்ச்ல ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்தாங்க. பர்மா அரிசி ஒரேயடியா நின்னுபோச்சு. அடுத்த வருஷம் வங்கப் பஞ்சம். அதுக்குக் காரணங்கள் பல, பர்மா அரிசி நின்னது அதுல ஒண்ணு. பஞ்சத்துக்கும் போருக்கும் நடுவுலதான் இங்க அரசாங்கம் தானியக் கொள்முதல், ரேஷன்னு பெரிய அளவுல இறங்கிச்சு. 1972-ல தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. முன்னாடி ஒரு சுவர்னு சொன்னேன் பாருங்க, அதோட அஸ்திவாரத்துல பர்மா கிடக்குது.

1960-கள்ல நே வின் ஆட்சியில திரும்பி வந்தவங்க கதை உங்க பாட்டி தாத்தாகிட்டயே கிடைக்கலாம். தமிழ்நாட்டுல பல ஊர்ல பர்மா காலனின்னு ஒரு பகுதி இருக்கு. ரெண்டு பேட்டி எடுத்து இணைச்சுடுங்க. இணையத்துல தேடி எழுதுற முப்பது பேர்கிட்ட அது இருக்காது.

"வரலாறு வேண்டாம், இப்போ இருக்கிற நாடு வேணும்"னு துறையில சொல்லிட்டா? அப்ப வியட்நாம். 1986-ல தோய் மோய் சீர்திருத்தம். 1988-ல கூட்டுப்பண்ணையை விட்டு நிலத்தைக் குடும்பங்கள் கையில பயிர் பண்ண விடுறாங்க. அதுக்கு முன்னாடி அரிசியை இறக்குமதி பண்ணிக்கிட்டிருந்த நாடு, 1989-லயே பத்து லட்சம் டன்னுக்கு மேல ஏற்றுமதி. இப்ப 80 லட்சம் டன் அளவுல. 2007 ஜனவரியில உலக வர்த்தக அமைப்பு. தேதிகள் வரிசையா நிக்குது.

காவிரிக்காரங்களுக்கு மெக்கோங் ரொம்பப் பழகின ஊர் மாதிரி இருக்கும். மேல அணைகள், கீழ டெல்டா. தண்ணி குறைஞ்சா கடல் உள்ள வருது. 2016-லயும் 2020-லயும் உப்புநீர் ஏறி வயல் கெட்டது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்ல. அங்க மேல இருக்கிறது வேற நாடுகள், இங்க வேற மாநிலம். ஒரு வித்தியாசம் முக்கியம்: வியட்நாம் விவசாயி பெரும்பாலும் உலக விலையோட நேரடியா கட்டியிருக்கார். 2023-ல நம்ம தடையால விலை ஏறினப்ப அவர் வயல்ல அது தெரிஞ்சது. 2024 செப்டம்பர்ல நாம தடையை எடுத்த பிறகு விலை இறங்கினதும் தெரிஞ்சது. டெல்லியில எடுத்த முடிவு மெக்கோங்ல விலையை ஆட்டுது, அம்மாப்பேட்டை போர்டை ஆட்டல. இந்த ஒரு ஒப்பீட்டை மட்டும் சரியா எழுதினாலே ஒரு கேஸ் ஸ்டடி. வேணும்னா காபியையும் பாருங்க, அதுலயும் இதே வேகம்தான். 1990-கள்ல வியட்நாம் ரோபஸ்டா உலகச் சந்தையில கொட்டி விலை விழுந்தப்ப, வயநாட்டுக் காபித் தோட்டங்கள் என்ன ஆச்சுன்னு தேடுங்க. கும்பகோணத்துல உட்கார்ந்து டிகிரி காபி குடிச்சுக்கிட்டே படிக்கலாம்.

பர்மா, வியட்நாம் ரெண்டையும் சேர்த்து எழுதலாமான்னு அடுத்து ஒரு கேள்வி வரும். வேண்டாம். ஒரு நாட்டை எழுதுங்க, தஞ்சாவூரை ஒப்பீடா வச்சுக்குங்க. டிபக் பண்ணும்போது ஒரு நேரத்துல ஒரு மாறியைத்தான் மாத்துவோம்.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. 'பர்மா வளர்ந்தது', 'வியட்நாம் வளர்ந்தது'ன்னு நாட்டை எழுவாயா வச்சு வாக்கியம் எழுதாதீங்க. நிலம் யார் பேர்ல, கடன் யார்கிட்ட, கூலி யாருக்கு, விலை விழுந்தப்ப யார் தாங்கினாங்கன்னு ஆளை வச்சு எழுதுங்க. நம்ம மாவட்டத்துலயே ஏடிடி 27 விளைச்சலைக் கூட்டின அதே பத்தாண்டுலதான் கூலிப் பிரச்சினை முத்தி, 1968 டிசம்பர் 25-ல கீழ்வெண்மணியில 44 பேரை எரிச்சுக் கொன்னாங்க. அந்த வருஷ விளைச்சல் வரைபடத்துல அது எங்கயும் தெரியாது.

தரவுக்கு: வியட்நாம்னா உணவு வேளாண் அமைப்போட தளத்துல வருஷவாரியா உற்பத்தி, ஏற்றுமதி எல்லாம் இலவசமா இறக்கிக்கலாம். பர்மான்னா 1929-30 மாகாண வங்கி விசாரணைக் குழு அறிக்கையில இருந்து ஆரம்பிங்க. மைக்கேல் ஆடஸ் பர்மா டெல்டா பற்றி எழுதின புத்தகம் நூலகத்துல கிடைச்சா விடாதீங்க. 1937-க்கு முந்தின வாணிபப் புள்ளிவிவரத்துல பர்மா அரிசியை வெளிநாட்டு இறக்குமதிப் பக்கத்துல தேடி நேரத்தை வீணாக்காதீங்க. அது கடலோர வாணிபப் பக்கத்துல இருக்கும்.